ஆல்ஃபா 0.52 வருகிறது, இரண்டு கேள்விகளை எடுத்தால் 0.71. எடுத்துவிடலாமா?

நெய்தல்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். துறை சமூகப்பணி. வானிலை எச்சரிக்கைமேல் மீனவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதுதான் ஆய்வு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு எங்கள் கரையில் இந்தக் கேள்விக்கு என்ன கனம் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குளச்சலிலிருந்து நீரோடி வரை 168 பேரிடம் கேட்டிருக்கிறேன். 107 பேர் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போய் அன்றன்றைக்கே கரை திரும்புகிறவர்கள். 61 பேர் தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல்காரர்கள், போனால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பவர்கள். கேள்விகள் பத்து. ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை’ வரை ஐந்து படி. அவை இவை:

1. எச்சரிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.
2. எச்சரிக்கை கொடுப்பவர்கள் எங்கள் கடலை அறிந்தவர்கள்.
3. எச்சரிக்கையை நம்பி வலையை எடுத்து வைக்கலாம்.
4. எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேருவதில்லை.
5. அதில் சொல்லும் காற்று வேகமும் அலை உயரமும் எனக்குப் புரிகிறது.
6. கோயில் மைக்கில் அறிவித்தால் நம்புவேன்.
7. காற்றையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டம்) பார்த்துப் பெரியவர்கள் சொல்வதைத்தான் கேட்பேன்.
8. எச்சரிக்கை வந்த அன்று கடலுக்குப் போகமாட்டேன்.
9. கடலில் இருக்கும்போதும் எச்சரிக்கை என்னை வந்து எட்டும்.
10. செய்தி உடனே கிடைக்கும் வசதி என்னிடம் இருக்கிறது.

4, 7 இரண்டும் எதிர்ப்பொருள் தருவதால் அவற்றின் மதிப்பெண்ணை ரீகோட் செய்து (5-ஐ 1, 4-ஐ 2 என்று) திருப்பிவிட்டேன், சரிபார்த்தும் ஆயிற்று. க்ரோன்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.52. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தரும் ‘இந்தக் கேள்வியை எடுத்தால் ஆல்ஃபா என்ன ஆகும்’ என்ற அட்டவணையைப் பார்த்து 4, 7 இரண்டையும் எடுத்தால் 0.71. கைடு “எடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எச்சரிக்கை நேரத்துக்கு வருகிறதா இல்லையா என்பதுதானே எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி? அதையே எடுத்துவிட்டு நம்பிக்கையை அளந்தேன் என்று எப்படி எழுதுவது?

—

தக்கலை2 எழுதியது:

0.7 தாண்டிவிட்டதே, அப்புறம் என்ன? எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். என் ஆய்வில் மூன்று கேள்விகளை எடுத்தேன், வைவாவில் யாரும் கேட்கவே இல்லை. கைடு சொல்வதைச் செய்துவிட்டு வேலையை முடிக்கப் பாருங்கள்.

—

கோதையாறு எழுதியது:

தங்கச்சி, எடுக்காதீர்கள். கைடிடம் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள். நான் மலையோரத்தில், குலசேகரம், கீரிப்பாறை பக்கம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் உடல்நலக் கேள்வித்தாள் எடுக்கும் வேலையில் ரொம்ப காலமாக இருக்கிறேன். கடல் எனக்கு அந்நியம். ஆனால் நீங்கள் கொடுத்த இரண்டு எண்களும் நிறையப் பேசுகின்றன. அதைக் கேட்காமல் கேள்விகளை வெளியே தள்ளுவது பெரிய நஷ்டம்.

முதலில் ஆல்ஃபா என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு கேள்விக்கும் வந்த பதில்களின் மாறுபாட்டை, அதாவது வேரியன்ஸை, தனித்தனியாக எடுத்துக் கூட்டுகிறோம். அப்புறம் ஒவ்வொரு ஆளுக்கும் பத்துக் கேள்வியின் மொத்த மதிப்பெண் போட்டு, அந்த மொத்தத்தின் மாறுபாட்டை எடுக்கிறோம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 1-லிருந்து கழித்து, 10/9-ஆல் பெருக்கினால் பத்துக் கேள்விக்கு ஆல்ஃபா. கேள்விகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் அதனதன் போக்கில் போனால் மொத்தத்தின் மாறுபாடு வெறும் கூட்டுத்தொகைதான், ஆல்ஃபா 0. ஒரு கேள்விக்கு உயர்வாகப் பதில் சொன்னவர் மற்றதற்கும் உயர்வாகச் சொன்னால் மொத்தத்தின் மாறுபாடு பெருத்துக்கொண்டே போகும். ஒரு கணக்குக்கு, உங்கள் பத்துக் கேள்விக்கும் தலா 1.2 மாறுபாடு என்று வையுங்கள். கூட்டினால் 12. மொத்தத்தின் மாறுபாடு 22.5 ஆக இருந்தால் ஆல்ஃபா 0.52. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பத்தும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்று ஆல்ஃபா பார்ப்பதே இல்லை.

இப்போது உங்கள் எண்கள். கேள்விகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு (கோரிலேஷன், இரண்டு கேள்வியின் பதில்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, −1 முதல் 1 வரை) தெரிந்தால் ஆல்ஃபாவைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கேள்வி எண்ணிக்கையைச் சராசரியால் பெருக்குங்கள். அதை, எண்ணிக்கையில் ஒன்று குறைத்துச் சராசரியால் பெருக்கி 1 கூட்டி வருவதால் வகுங்கள். பின்னோக்கிப் போட்டால் பத்துக் கேள்வி, ஆல்ஃபா 0.52 என்றால் சராசரி ஒட்டுறவு 0.10 அளவில்தான் இருக்கிறது. பத்துக் கேள்வியில் ஜோடி 45, ஆகவே மொத்தம் 4.5. எட்டுக் கேள்வி, 0.71 என்றால் சராசரி 0.23-க்குக் கொஞ்சம் மேலே. 28 ஜோடி, மொத்தம் ஏறத்தாழ 6.5. நீங்கள் எடுத்துப் போட்ட 17 ஜோடிகள் மொத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் சராசரி −0.12 வாக்கில் வருகிறது.

இதைத்தான் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். மோசமான கேள்வி என்றால் ஒட்டுறவு பூஜ்யத்தைச் சுற்றி நிற்கும். இங்கே எதிர்த்திசையில் போகிறது. திருப்பிப் போட்ட பிறகும் எதிர்த்திசையில் போகிறதென்றால் அந்த இரண்டு கேள்விக்கும் ஆட்கள் ஏதோ உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள், நாம் அதைத் தலைகீழாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று வழியில் இது நடக்கலாம். பதில்களைக் கணினியில் ஏற்றியவர் ஏற்கனவே ஒருமுறை திருப்பியிருந்து, அதன்மேல் இன்னொரு முறை திரும்பியிருக்கலாம். மூலத்தாளை எடுத்து நாலைந்து பேருடையதை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டாவது, எல்லாவற்றுக்கும் “ஆமா” சொல்லும் பழக்கம். கேட்பவர் படித்த பிள்ளை, வெயிலில் நிற்கிறது, மறுத்துப் பேச வேண்டாம் என்று தலையாட்டுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ரொம்பப் பேர். அப்படியானால் 4-ம் 7-ம் ஒன்றோடொன்று நேராகவும் மற்ற எட்டோடும் எதிராகவும் போகும். மூன்றாவது, ‘இல்லை’ என்று முடியும் வாக்கியத்தை வாயால் கேட்கும்போது வரும் தொல்லை. ‘நேரத்துக்கு வந்து சேருவதில்லை’ என்று படித்துக்காட்டினால் ஒருவர் “ஆமா” என்கிறார். வருவதில்லை என்பதற்கு ஆமாவா, வருகிறது என்பதற்கு ஆமாவா? கேட்கிற பையன் எதையோ டிக் பண்ணிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவான்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். பத்துக்குப் பத்து ஒட்டுறவு அட்டவணையை எடுத்து 4, 7 வரிசைகளைப் பாருங்கள். அப்புறம் ஆழ்கடல்காரர்களையும் கரைக்காரர்களையும் பிரித்து அதே அட்டவணையைத் தனித்தனியே எடுங்கள். வாரக்கணக்கில் கடலில் இருப்பவருக்கும் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுபவருக்கும் ‘எச்சரிக்கை வந்து எட்டும்’ என்பது ஒரே கேள்வியாக இருக்க வாய்ப்பில்லை.

தக்கலை2 தம்பி, 0.7 என்ற கோடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்களுக்கே அதன்மேல் இவ்வளவு பிடிப்பு இருக்காது. நன்னாலி தன் உளவியல் அளவீட்டுப் பாடநூலின் 1967 பதிப்பில் ஆரம்பக்கட்ட ஆய்வுக்கு 0.50, 0.60 இருந்தாலே போதும் என்று எழுதியிருந்தார். 1978 பதிப்பில் அதை 0.70 ஆக்கினார். அடிப்படை ஆய்வுக்கு 0.80 என்றும், ஒரு தனி ஆளைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் 0.90-ஐ அடிமட்டமாக வைக்கவேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. தாண்டினால் பாஸ், தாண்டாவிட்டால் ஃபெயில் என்று அவர் எங்கேயும் வைக்கவில்லை.

—

நெய்தல்கரை எழுதியது:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே பிரித்துப் பார்த்தேன், பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

மூலத்தாளோடு ஒப்பிட்டேன், இரட்டைத் திருப்பல் இல்லை. 4-க்கும் 7-க்கும் நடுவே 0.12-தான். 7-ஆம் கேள்வி, திருப்பிய பிறகு, 1-ஓடு −0.31, 2-ஓடு −0.27, 3-ஓடு −0.24. இரண்டு கூட்டத்திலும் இப்படித்தான்.

4-ஆம் கேள்விதான் ஆச்சரியம். 9, 10 இரண்டும் செய்தி எட்டுவதைப் பற்றியவை, அவற்றோடு இது ஒத்துப்போக வேண்டும். ஆழ்கடல்காரர்களிடம் 0.34-ம் 0.29-ம் வந்து, ஒத்தும் போகிறது. கரைக்காரர்களிடம் −0.41, −0.38. முழுக்கத் தலைகீழ்.

ஆழ்கடல்காரர்களை தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் நானே உட்கார்ந்து கேட்டேன். பாதிப் பேர் தாளை வாங்கித் தாங்களே குறித்தார்கள். கரை ஊர்களில் உதவிக்கு வந்த மாணவர்கள் கேட்டார்கள். மணலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டே பதில் சொன்னவர்கள்தான் அதிகம், தாளைப் பார்க்கவே இல்லை. மாணவர்களின் தாள்களைப் புரட்டினால் 4-க்குப் பக்கத்தில் சில இடத்தில் பென்சிலில் ‘வரும்னு சொன்னார்’ என்று எழுதியிருக்கிறது, டிக் மட்டும் ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’ கட்டத்தில்!

இன்னொரு சந்தேகமும் உண்டு. கைடு முதலில் “கேள்விகளைக் கூட்டினால் ஆல்ஃபா தானாக ஏறும்” என்றார். அது உண்மையா? உண்மையென்றால் ஆல்ஃபாவை எப்படி நம்புவது?

—

கோதையாறு எழுதியது:

அந்தப் பென்சில் குறிப்பு எழுதிய மாணவருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நாம் இன்னும் அட்டவணையையே முறைத்துக்கொண்டிருப்போம்.

4-ஆம் கேள்வி, கரைக்காரர்கள் 107 பேரிடம், தரவாகப் பயன்படாது. சில தாளில் குறிப்பு இருக்கிறது, சிலதில் இல்லை. குறிப்பு இருப்பதை மட்டும் திருத்தினால் இன்னொரு சாய்வு வந்து சேரும். நல்ல கேள்விதான், கேட்ட விதம் அதைக் கெடுத்துவிட்டது. நேரான வாக்கியமாக மாற்றி மறுபடி கேட்கவேண்டும்.

7-ஆம் கேள்விக்கு வேறு கதை. பெரியவர் பேச்சைக் கேட்பவர் எச்சரிக்கையை நம்பமாட்டார் என்று வைத்துத்தானே அதைத் திருப்பினீர்கள்? உங்கள் 168 பேர் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எச்சரிக்கையைக் காதுகொடுத்துக் கேட்பவர்தான் பெரியவர் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்கிறார். கடலுக்குப் போகுமுன் நாலு இடத்தில் விசாரிக்கிற ஆள் அவர். எனக்கு இது உங்கள் ஆய்விலேயே பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. ஆல்ஃபாவுக்காக இதைத் தூக்கிப்போட்டிருந்தால் ஒரு அத்தியாயமே போயிருக்கும். அதேபோல, திருப்பாமல் நேராகப் போட்டால் ஆல்ஃபா ஏறும் என்பதற்காக நம்பிக்கை அளவுகோலுக்குள் சேர்த்துவிடவும் வேண்டாம். தனியாக வைத்துத் தனியாக எழுதுங்கள்.

8-ஐயும் வெளியே எடுங்கள். இது ஆல்ஃபா கணக்கால் சொல்வதில்லை. ‘எச்சரிக்கை வந்த அன்று போகமாட்டேன்’ என்பது ஆள் என்ன செய்கிறார் என்பது. நம்பிக்கை இருந்தால் கரையில் நிற்பார்களா என்பதுதானே கடைசியில் நீங்கள் கேட்க வந்தது? நின்றதையே நம்பிக்கைக்குள் போட்டுக் கூட்டிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாமல் போகும். அதுவுமில்லாமல் ஆழ்கடல்காரர்களில் பலர் எச்சரிக்கை வரும்போது ஏற்கனவே கடலில் இருக்கிறார்கள். ஒக்கியில் நடந்ததும் அதுதான். போகமாட்டேன் என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

இப்போது உங்கள் கைடு சொன்னது. கேள்விகளைக் கூட்டினால் ஏறும் என்பது உண்மை. 1910-இல் ஸ்பியர்மேனும் பிரௌனும் தனித்தனியே எழுதிய சூத்திரத்திலேயே அது இருக்கிறது. சராசரி ஒட்டுறவு 0.2 என்றே வைத்துக்கொண்டு ஐந்து கேள்வி போட்டால் ஆல்ஃபா 0.56, பத்து போட்டால் 0.71, இருபது போட்டால் 0.83. கேள்விகள் கொஞ்சமும் மேம்படவில்லை, எண்ணிக்கைதான் கூடியது.

அதைவிட மோசம் இன்னொன்று. பன்னிரண்டு கேள்வி எடுங்கள். ஆறு எச்சரிக்கைமேல் நம்பிக்கை பற்றியது, ஆறு கடன் சுமை பற்றியது. ஆறுக்குள் ஒட்டுறவு 0.5, இந்த ஆறுக்கும் அந்த ஆறுக்கும் நடுவே சுத்தமாக 0. சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயம். சேர்த்து ஆல்ஃபா போட்டால் 0.78! தோவாளையில் கட்டும் கதம்பம் மாதிரி, நார் இறுக்கமாகத்தான் இருக்கும், அதற்காக அது ஒரே பூ ஆகிவிடாது. ஆல்ஃபா உயர்ந்திருக்கிறது, ஆகவே என் அளவுகோல் ஒற்றைப் பரிமாணம் கொண்டது என்று எழுதியிருக்கும் ஆய்வேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். ஒற்றைப் பரிமாணமா என்பதைக் காரணிப் பகுப்பாய்வில் (கேள்விகள் எத்தனை கூட்டமாகச் சேர்கின்றன என்று பார்க்கும் முறை) பார்க்கவேண்டும், ஆல்ஃபா அதற்குப் பிறகு.

ரொம்ப உயர்ந்தாலும் சந்தேகப்படுங்கள். எங்கள் பக்கத்தில் வேறு ஒரு குழு தயாரித்த கேள்வித்தாளைக் கொண்டுபோகச் சொன்னார்கள். மழையால் வெட்டு நிற்பது பற்றி அதில் ஐந்து கேள்வி. மழை பெய்தால் கவலைப்படுகிறேன், மழைக்காலத்தில் மனம் கலங்குகிறது, வெட்டு இல்லாத நாளில் கவலை வருகிறது, இப்படியே. பால் எடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடித்து முடித்துவிட்டுக் களைத்து உட்கார்ந்திருந்த ஒரு அக்கா நாலாவது கேள்வியில் என்னை நிமிர்ந்து பார்த்து, “இதத்தான சார் இப்பம் சொன்னேன்?” என்றார். ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டால் ஒட்டுறவு 0.8 வரும், ஐந்துக்கு ஆல்ஃபா 0.95. தாளில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அந்த அக்காவுக்குக் கூலி எத்தனை நாள் போச்சு, கடைக்காரர் கடன் கொடுத்தாரா, பிள்ளை ஃபீஸ் கட்டினாளா என்று எதுவுமே அந்த ஐந்தில் இல்லை. கேள்விகள் ஒத்துப்போகவும் வேண்டும், விஷயத்தின் பல பக்கங்களைத் தொடவும் வேண்டும். கிளார்க்கும் வாட்சனும் 1995-இல் சராசரி ஒட்டுறவு 0.15-இலிருந்து 0.50-க்குள் இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். நான் ஆல்ஃபாவுக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆகவே நான் பிரிப்பது இப்படி. நம்பிக்கைக்கு 1, 2, 3, 6. செய்தி எட்டுவதற்கு 9, 10, அப்புறம் திருத்திக் கேட்ட பிறகு 4. புரிவதற்கு 5 ஒன்றுதான் இருக்கிறது, தனியாக நிற்கட்டும். நம்பிக்கை நான்குக்கும் ஆல்ஃபா போட்டுச் சொல்லுங்கள்.

—

பறளியாறு எழுதியது:

கோதையாறு அண்ணன் சொன்னதோடு மென்பொருள் பக்கம் கொஞ்சம். எஸ்பிஎஸ்எஸ் இல்லாதவர்களுக்கு ஜாமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், ஆல்ஃபாவும் மெக்டொனால்ட் ஒமேகாவும் சேர்ந்தே வரும். ஆர் (R) மொழி தெரிந்தால் ரெவல் எழுதிய ‘சைக்’ தொகுப்பு போதும். மொத்தத்துக்கு எதிராகப் போகும் கேள்வி இருந்தால் அதுவே எச்சரிக்கும். கேள்விகளைத் தானாகத் திருப்பிக்கொள்ளும் ஒரு வசதியும் அதில் உண்டு, அதை மட்டும் போடாதீர்கள். போட்டிருந்தால் நெய்தல்கரையின் 7-ஆம் கேள்வி சத்தமில்லாமல் திரும்பி, ஆல்ஃபா ஏறி, விஷயமே தெரியாமல் போயிருக்கும்.

ஒமேகா ஏன் என்றால், ஆல்ஃபா எல்லாக் கேள்வியும் உள்ளே இருக்கும் அந்த ஒரு பொருளோடு ஒரே அளவு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. நிஜத்தில் ஒன்று கூட, ஒன்று குறைய இருக்கும். ஒமேகா அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கும். க்ரோன்பாக்கே கடைசிக் காலத்தில், பெரும்பாலான தரவுக்குத் தன் சூத்திரம்தான் சிறந்த வழி என்று இனி நினைக்கவில்லை என எழுதிவைத்தார். அவர் 2001-இல் இறந்தார், கட்டுரை 2004-இல் வந்தது. 1951-இல் அந்தச் சூத்திரத்துக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்ததும் அவர்தான், அதையே கட்மேன் 1945-இல் லாம்டா 3 என்ற பெயரில் கொடுத்திருந்தார்.

—

நெய்தல்கரை எழுதியது:

1, 2, 3, 6 நான்குக்கும் சராசரி ஒட்டுறவு 0.41, ஆல்ஃபா 0.74. ஜாமோவியில் ஒமேகாவும் கிட்டத்தட்ட அதேதான். கரைக்காரர்களிடம் மட்டும் 0.76, ஆழ்கடல்காரர்களிடம் 0.70. 9-க்கும் 10-க்கும் ஒட்டுறவு 0.46. இரண்டு கேள்விக்கு ஆல்ஃபா போடலாமா?

கைடிடம் இந்த இழையை அப்படியே காட்டினேன். பென்சில் குறிப்பைப் பார்த்ததும் அவரும் ‘எடுத்துவிடு’ என்று சொல்லவில்லை. வைவாவில் என்ன கேட்பார்கள், எப்படி எழுதுவது என்றுதான் இப்போது கேட்கிறார்.

—

வேளிமலை எழுதியது:

ஆய்வேடுகளைத் திருத்தும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இரண்டு கேள்விக்கு ஸ்பியர்மேன்–பிரௌன் போடுங்கள், 2013-இல் ஐசிங்காவும் உடன் எழுதியவர்களும் பரிந்துரைத்தது அதுதான். 0.46-ஐ இரட்டித்து 1.46-ஆல் வகுத்தால் 0.63. அப்படியே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘ஆல்ஃபா 0.74, ஆகவே கருவி நம்பகமானது’ என்று ஒற்றை வரி எழுதவேண்டாம். நம்பகத்தன்மை கேள்வித்தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் இல்லை, இந்த 168 பேரின் பதில்களுக்கு இருக்கும் குணம். ஒரே மாதிரி இழப்பைச் சந்தித்து எல்லாரும் ஒரே பதில் சொல்லும் ஊரில் இதே நான்கு கேள்விக்கு ஆல்ஃபா இறங்கிவிடும், கேள்வியில் குறை இல்லாமலே. உங்கள் ஆழ்கடல்காரர்களிடம் 0.70 வந்ததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம், பதில்களின் விரிவைப் பாருங்கள். கேள்வி எண்ணிக்கை, ஆட்கள் எண்ணிக்கை, சராசரி ஒட்டுறவு, ஆல்ஃபாவின் உண்மை மதிப்பு இருக்கக்கூடிய இடைவெளி நான்கையும் கூடவே கொடுங்கள். 168 பேர், நான்கு கேள்வி, 0.74 என்றால் 95 விழுக்காட்டு இடைவெளி ஏறத்தாழ 0.67-இலிருந்து 0.80 வரை வரும். அதைப் பார்த்தால் 0.69-க்கும் 0.71-க்கும் நடுவே யாரும் சண்டை போடமாட்டார்கள்.

பத்துக் கேள்வியில் தொடங்கி நான்குக்கு ஏன் வந்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். 4-க்கு என்ன ஆயிற்று, 7 என்ன சொன்னது, 8-ஐ ஏன் வெளியே எடுத்தீர்கள், மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அதை எழுதியிருந்தால் நான் கேள்வியே கேட்கமாட்டேன், படித்துக்கொண்டே போவேன். தக்கலை2 சொன்னதுபோல வைவாவில் யாரும் கேட்காமல் போகலாம். ஆனால் அதே தரவில் பார்த்து அதே தரவில் கேள்விகளை எடுத்து ஏற்றிய ஆல்ஃபா அடுத்த ஊரில் நிற்காது, அங்கே இதை வைத்து வேலை செய்யப்போகிறவர் மாட்டிக்கொள்வார்.

—

கோதையாறு எழுதியது:

வேளிமலை சொன்ன கடைசி விஷயத்துக்காக ஒன்று. நான்கு கேள்வியையும் திருத்திய 4-ஐயும் புதிய ஆட்களிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள், நூறு பேர் கிடைத்தாலும் போதும். மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கொச்சியில் படகைக் கட்டிவிட்டு வருபவர்கள்கூட அப்போது ஊரில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரமும் இருக்கும். அதே ஆட்களில் கொஞ்சம் பேரிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. கேள்விகள் தங்களுக்குள் ஒத்துப்போவது ஒன்று, அதே ஆள் மறுபடியும் அதையே சொல்வது வேறொன்று. ஆல்ஃபாவுக்கு இரண்டாவது தெரியாது.

4-ஐ எப்படி மாற்றப்போகிறீர்கள்?

—

நெய்தல்கரை எழுதியது:

ஜூனில் போகிறேன் அண்ணாச்சி, கைடும் சரி என்றுவிட்டார். 4-ஐ இரண்டாகப் பிரித்திருக்கிறேன். கரைக்காரர்களுக்கு ‘வள்ளத்தை இறக்குவதற்கு முன்பே எச்சரிக்கை எனக்குத் தெரிந்துவிடும்’. ஆழ்கடல்காரர்களுக்கு ‘கரைக்குத் திரும்ப நேரம் இருக்கும்போதே எச்சரிக்கை எனக்குத் தெரிந்துவிடும்’. தூத்தூரில் ஒரு சித்தப்பாவிடம் நேற்று படித்துக்காட்டினேன். “இதுல திரும்பன்னு மட்டும் போட்டா பத்தாது, திரும்புறதுக்கு எத்தன நாளு ஆகும்னும் கேளு பிள்ளே” என்றார். அந்தக் கேள்வியைச் சேர்த்துவிட்டேன், மதிப்பெண் இல்லாமல், நாள் கணக்காக.

—

கோதையாறு எழுதியது:

நாள் கணக்கை அளவுகோலில் சேர்க்காதீர்கள், பிரித்துப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் இரண்டாகிவிட்டதால் செய்தி எட்டும் பகுதியின் எண்களை இரு கூட்டத்துக்கும் தனித்தனியாகவே கொடுங்கள், ஒன்றாகக் கூட்டவேண்டாம். தரவு வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்ப்போம்.